வெள்ளைக்கரட்டின் ஒன்பது துளிகள்

அத்தியாயம் ஐந்து

"நான் ரத்தமே குடுக்கலீங்க."

ஒன்பதாவது வீட்டு வாசலில் நின்று, ஒன்பதாவது முறையாக அதே பதிலைக் கேட்டார் துப்பறியும் நிபுணர் ராசாங்கம். சொன்னவள் பொன்னம்மாள். முறத்தில் கடலைக்காயைக் குவித்து உடைத்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்லும்போதுகூட அவள் விரல்கள் நிற்கவில்லை.

ராசாங்கம் பையிலிருந்து உள்ளங்கை அகலமுள்ள, மை ஒற்றும் தாள் போன்ற ஒரு வடிதாளை எடுத்து நீட்டினார். நடுவில் காய்ந்து பழுப்பேறிய ஒரு ரத்தத் துளி. மூலையில் கறுப்பு மையில் ஒரு கட்டைவிரல் ரேகை. கீழே பெயரும் தேதியும்.

"இதுல உங்க பேர் இருக்கு, பொன்னம்மா."

"இருந்துட்டுப் போவட்டும்."

"இந்த ரேகை யாருது?"

பொன்னம்மாள் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "என்னுதுதான். இந்தா பாருங்க, கட்டவெரல்ல அருவா வெட்டுத் தழும்பு. அதே குறுக்குக்கோடு இதுலயும் இருக்கு."

"ரேகை உங்களுது. அப்ப, பக்கத்துல இருக்கிற ரத்தம்?"

"அத என்னயக் கேட்டா எப்புடிங்க? நான்தான் குடுக்கவே இல்லங்குறனே!"

பின்னால் நின்ற வேம்பு தொண்டையைச் செருமினாள். இருபத்தாறு வயது; திருச்சித் தொலைபேசி நிலையத்து வேலையை விட்டுவிட்டு ராசாங்கத்துக்கு உதவியாளராக வந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. அந்த மூன்றாண்டுகளில் அவள் வாய் ஒரு நாளும் விடுப்பு எடுத்ததில்லை.

"சார், இவங்க கட்டவெரல் மட்டும் தனியா கெளம்பிப் போயி ரேகை வெச்சுட்டு, வூடு வந்து சேர்ந்திருக்கு."

பொன்னம்மாள் சிரித்துவிட்டாள். "இந்தப் பொண்ணு நல்லாப் பேசுதுங்க. கடல திங்கிறியா ஆயி?"

வேம்பு கடலையை வாங்கிக்கொண்டாள். ராசாங்கம் தாளை வாங்கிக்கொண்டார். காலையிலிருந்து இந்த ஊர் அவர்களுக்குக் கொடுத்தது ஒரு டீயும் அந்த ஒரு பிடிக் கடலையும் மட்டுமே.

அரியலூரிலிருந்து ஆறு மைல் தள்ளி, சுண்ணாம்புக்கல் குவாரியின் விளிம்பில் இருந்தது வெள்ளைக்கரடு. ஆடிக்காற்று குவாரித் தூளை வாரி வந்து கூரைகளின் மேலும், கோழிகளின் மேலும், வாகை மரத்தடியில் நின்ற ஜீப்பின் மேலும் ஒரே சீராகத் தூவியிருந்தது. அந்த ஜீப்பில் டாக்டர் லீலாவதி காத்திருந்தார். வெறும் கையோடு அவர் முன்னால் போய் நிற்க ராசாங்கத்துக்குக் கால் எழவில்லை. பதினெட்டு ஆண்டுத் தொழிலில் பொய் சொல்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இந்த ஒன்பது பேரும் பொய் சொல்கிறவர்களாகத் தெரியவில்லை. அதுதான் அவரை எரிச்சல்படுத்தியது.

முந்தைய நாள், பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் ஆய்வுக்கூடமாக மாற்றப்பட்டிருந்த வாடகை வீட்டில், டாக்டர் லீலாவதி தம் சிக்கலை விளக்கியிருந்தார்.

"மலேரியாக் கிருமி ஒரே உடுப்போட இருக்கறதில்ல, மிஸ்டர் ராசாங்கம். கொசு கடிச்சு உள்ள வரும்போது ஒரு மேலுறை. ரத்தத்துல ஒரு சிவப்பணுவை உடைச்சுட்டு அடுத்த அணுவுக்குத் தாவும்போது வேற மேலுறை. திரும்பக் கொசு வயித்துக்குப் போன பிறகு மூணாவது. ஒவ்வொரு உறையிலும் நம்ம உடம்பு அடையாளம் கண்டுக்கிற பொருள் ஒண்ணு இருக்கு. அதைத்தான் ஆன்டிஜென்னு சொல்றோம். அடையாளம் கண்டதும் உடம்பு அதுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கும். எந்த உறையை உடம்புக்குக் காட்டிக் குடுத்தா காய்ச்சல் வராமத் தடுக்கும்? இது ஒண்ணுதான் கேள்வி. உலகம் பூரா இதுக்குத்தான் மண்டையை உடைச்சுக்கறாங்க."

இதைக் கதையாகச் சொன்னால் எளிது. ஒரு கடலைக் கொல்லைக்கு ஒரு நரி வந்து போய்க்கொண்டிருந்தது. வேலி தாண்டும்போது அதன்மேல் புழுதி மணக்கும். செடிகளுக்கிடையே தோண்டும்போது ஈரமண் மணக்கும். வயிறு நிறைந்து வெளியேறும்போது பச்சைக்கடலை மணக்கும். ஊரில் மூன்று வகைக் காவல்காரர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு வகையினரும் ஒரு மணத்தை மட்டுமே அறிந்தவர்கள். கொல்லைக்காரனிடமோ ஒருவனுக்குச் சோறு போடத்தான் நெல் இருந்தது. எவனை வைத்துக்கொள்வது? அவன் அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தான். நரி தொடாத கொல்லைகள் ஒன்பது. அந்த ஒன்பதிலும் ஈரமண் அறிந்தவனின் குரலே உரக்கக் கேட்டது. கொல்லைக்காரன் முடிவு செய்துவிட்டான்.

டாக்டர் லீலாவதியும் முடிவு செய்துவிட்டார். தடுப்பூசிச் சோதனைக்கு அவரிடம் இருந்தவை பன்னிரண்டு குரங்குகள். ஒரே ஓர் ஆன்டிஜெனைச் சோதிக்க மட்டுமே போதும். வெள்ளைக்கரட்டில் இரண்டாண்டுகளாகக் காய்ச்சலே வராத ஒன்பது பேரை வீட்டுப் பதிவேட்டிலிருந்து பொறுக்கி எடுத்து, அவர்களின் ரத்தத்தை வடிதாளில் வாங்கிச் சோதித்தார். ஒன்பதிலும் இரண்டாவது உறைக்கு எதிரான எதிர்ப்பொருள் பொங்கி வழிந்தது. 'காப்பது இரண்டாவது உறையே' என்று இரண்டு வாரங்களுக்கு முன்பே சென்னைக்கு அறிக்கை அனுப்பிவிட்டார். வருகிற வியாழக்கிழமை குழு கூடி, குரங்குகளுக்கு எதைப் போடுவது என்று தீர்மானிக்கும். அதற்குமுன் குழு ஒன்றே ஒன்று கேட்டது: அந்த ஒன்பது பேரிடமிருந்தும் புதிதாக ஒரு குழாய் ரத்தம்.

கேட்கப் போனபோது, ஒன்பது பேரும் தாங்கள் முன்பு ரத்தமே கொடுத்ததில்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

"முதல் உறைதான் சரின்னு சொல்ற கோஷ்டி ஒண்ணு இருக்கு. அவங்க ஆள் யாரோ ஊரைக் கலைச்சிருக்காங்க. யாருன்னு கண்டுபிடிங்க. தப்பான உறையில அந்தப் பன்னிரண்டையும் செலவழிச்சுட்டா, அடுத்த பன்னிரண்டு கெடைக்க அஞ்சு வருஷம் ஆகும். அஞ்சு வருஷத்துல எத்தனை பேர் சாவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் லீலாவதி.

இன்று காலை பெரம்பலூரிலேயே ஆய்வு நிலையத்தின் கள உதவியாளர் தர்மராஜையும் விசாரித்தாயிற்று. வெள்ளைக்கரட்டில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கேட்டு எழுதுவதும், வந்துபோன தேதியைச் செங்காவியால் சுவரில் குறிப்பதும் அவர் வேலை. ரத்தம் வாங்கியதும் அவர்தான்.

"ஒம்பது தாளு, ஒம்பது துளி, ஒம்பது ரேகை. என் கண் முன்னால வாங்குனது சார். சந்தேகமா இருந்தா வாங்க, சிறுவாச்சூர்க் காளி முன்னாலயே சத்தியம் பண்றேன்!" என்று நெஞ்சைத் தொட்டார் தர்மராஜ்.

"அண்ணே, இன்னிக்குச் செவ்வாக்கெழம. அந்தக் கோயில் திங்களும் வெள்ளியுந்தான் தெறந்திருக்கும். நாள் பாத்துத்தான் சத்தியத்துக்குக் கூப்புடுறீங்க" என்றாள் வேம்பு.

தர்மராஜின் காது சிவந்தது.

ராசாங்கம் ஜீப்பை அடைந்தார்.

"கெடைச்சுதா?" என்றார் லீலாவதி. விடை ராசாங்கத்தின் முகத்திலேயே எழுதியிருந்தது போலும்; மறுகணமே அவர் ஜீப்பின் கதவை ஓங்கி அறைந்தார். "ஒன்பது பேருமா? ஒருத்தர்கூடவா ஒத்துக்கல?"

"ரேகையை ஒன்பது பேரும் ஒத்துக்கறாங்க. ரத்தத்தை ஒருத்தரும் ஒத்துக்கல."

"அது எப்படிங்க முடியும்? ரெண்டும் ஒரே தாள்லதான இருக்கு!"

"அதைத்தான் நானும் காலைலேருந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

"யாராவது வெளியாள் வந்து போனாங்களா?"

"வளையல்காரர் ஒருத்தர், பழைய இரும்பு வாங்கறவர் ஒருத்தர். அவங்க ரெண்டு பேருக்கும் மலேரியா ஆராய்ச்சியில கருத்து வேறுபாடு இருக்கறதாத் தெரியல" என்றாள் வேம்பு.

ராசாங்கம் ஒன்பது தாள்களையும் ஜீப்பின் முகப்பில் வரிசையாகப் பரப்பி, காற்றில் பறக்காமல் கற்களை வைத்தார். எண் ஒன்று, பெரிய துளி. இரண்டு, நடுத்தரம். மூன்று, சிறியது. நான்கு, மறுபடி பெரியது. ஐந்து, நடுத்தரம். ஆறு, சிறியது. ஏழு, எட்டு, ஒன்பதும் அதே இறங்குவரிசை.

"இது ஏன் இப்படி இருக்கு, டாக்டர்?"

"துளி ஆளுக்கு ஆள் மாறும். அது ஒரு விஷயமே இல்ல." எரிச்சல் அவர் குரலில் உராய்ந்தது. "தயவுசெய்து உருப்படியா ஏதாவது பாருங்க. நாளை ஒரு நாள்தான் இருக்கு."

உருப்படியாக ஒன்றும் தோன்றாதவர்கள் டீக்கடைக்குப் போவது உலக வழக்கம். ராசாங்கமும் போனார். கடை இளையபெருமாளுடையது. ஒன்பது பேரில் அவர் நான்காமவர். காலையில் அவர் சொன்ன மறுப்புக்கு மட்டும் ஒரு டீயும் சேர்ந்து கிடைத்திருந்தது.

கடைக்குள் நுழையும் இடத்தில் நீண்டிருந்த வேலிக்கருவைக் கிளையை வேம்பு கையால் ஒதுக்கினாள். மறுகணம் "ஆ!" என்று கையை உதறினாள். ஆள்காட்டி விரலில் முள் ஆழமாக இறங்கியிருந்தது. பிடுங்கியதும் ரத்தம் துளிர்த்தது. பெஞ்சில் கிடந்த பழைய செய்தித்தாளில் அது சொட்டியது. பெரிதாக ஒன்று. விரலை அழுத்தினாள், நடுத்தரமாக ஒன்று. மறுபடி அழுத்தினாள், சிறிதாக ஒன்று. அதோடு நின்றுவிட்டது.

ராசாங்கம் செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை அழுத்து, வேம்பு."

"சார், முள்ளு ஒருக்காதான் குத்துச்சு. நீங்க ஏன் ரெண்டாவது தரம் குத்துறீங்க?"

"அழுத்தேன்."

அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. "தீந்துபோச்சு. வேணும்னா பக்கத்து விரல்ல ஆரம்பிக்கணும்."

ராசாங்கம் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். ஒரு குத்துக்கு மூன்று துளிகள்: பெரியது, நடுத்தரம், சிறியது. ஒன்பது துளிகள் என்றால் மூன்று குத்துகள். மூன்று குத்துகளுக்கு மூன்று விரல்கள் போதும். மூன்று விரல்களுக்கு ஒரு கையே போதும்.

"ஒன்பது பேர் இல்ல, வேம்பு. ஒரே ஆள்."

வேம்பு ஒன்பதுவரை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு, "அப்ப இவங்க எல்லாரும் உண்மையத்தான் சொல்லியிருக்காங்க. நாம அதுக்குப் போயி இவங்கள மொறச்சுக்கிட்டு இருந்தோம்" என்றாள்.

"ஆனா ஏன்? ஒரு சொட்டு ரத்தந்தானே! குடுக்கறதுல இவங்களுக்கு என்ன கஷ்டம்?"

கடைச் சுவரின் வெளிப்புறத்தில், இந்த ஊரின் எல்லாச் சுவர்களிலும் போலவே, தர்மராஜின் செங்காவித் தேதிகள் வரிசையாக இருந்தன; அவற்றில் ஒன்று 8-5-85. தாள்களிலும் அதே தேதிதான். அதற்கு ஒரு முழம் தள்ளி, ஓரம் கிழிந்த மஞ்சள் நிறக் கோயில் திருவிழா நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ராசாங்கம் எழுந்து போய்ப் படித்தார்.

'30-4-85 செவ்வாய், காப்புக் கட்டுதல். 14-5-85 செவ்வாய், மஞ்சள் நீராட்டு, காப்பு அவிழ்த்தல்.'

தர்மராஜ் ஊசியோடு வந்த நாள், இந்த இரண்டுக்கும் நட்ட நடுவில் விழுந்திருந்தது.

"இளையபெருமாள், காப்புக் கட்டுனா இந்த ஊர்ல என்னென்ன செய்யமாட்டீங்க?"

டீ ஆற்றிக்கொண்டிருந்த கை சற்றே தயங்கியது. "எல்லா ஊர்லயும் உள்ளதுதானுங்க. கறி அறுக்க மாட்டோம். சவரம் பண்ண மாட்டோம். எல்லையத் தாண்டிப் போயித் தங்க மாட்டோம்."

"உடம்புலேருந்து ரத்தம்?"

"ஒரு சொட்டு சிந்தப்படாதுங்க. ஆசுபத்திரி ஊசிகூட அவுத்ததுக்கு அப்புறந்தான்."

"ஆனா மை சிந்தலாம்."

இளையபெருமாள் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். டீ தன்பாட்டுக்கு ஆறியது.

"ஒன்பது பேர் ரேகை வெச்சீங்க. ரத்தம் ஒரே ஆள் குடுத்தாரு. மூணு விரல்லேருந்து, ஒரு விரலுக்கு மூணு சொட்டு. நான் சொல்றது தப்பா?"

"தர்மராஜ் சாரு தங்கமான மனுசங்க..."

"அவர் எப்படிப்பட்டவர்னு கேக்கல."

"அவரு வேலைக்கு ஒண்ணும் வந்துடாதுங்களே? யாரு குடுத்தாங்கன்னு சொல்ல மாட்டோம்னு வாக்குக் குடுத்திருக்கோம்." இளையபெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்தார். "சென்னைக்கு ஐஸ் பெட்டி அன்னிக்கு ராத்திரிக்குப் போவணும்னு அவரு தவியாத் தவிச்சாருங்க. நாங்க குத்திக்க முடியாது. அப்பறம் பேசி ஒரு வழி பண்ணுனோம். ஊர் சார்பா ஒருத்தரு தேங்கா ஒடச்சா ஊருக்கே திருநீறு குடுக்குறாங்கள்ல? அதுமாதிரி ஊர் சார்பா ஒருத்தரு ரத்தம் குடுத்தா ஊரே குடுத்த மாதிரிதானுங்களே?"

ராசாங்கத்துக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எந்த எதிரிக் கோஷ்டியும் இல்லை, சதியும் இல்லை. ஓர் ஊர் முழுவதும் கூடிப் பேசி, ஒரு நல்ல மனிதருக்குச் செய்த உபகாரம் மட்டுமே இருந்தது.

"ரத்தத்தச் சுண்டலாட்டம் பங்கு வெச்சிருக்காங்க சார்" என்று முணுமுணுத்தாள் வேம்பு.

"ஊர்ல எல்லாருக்கும் காப்பு. அப்ப, குடுத்தவர் ஊர்க்காரர் இல்ல. யாரு?"

இளையபெருமாள் தெற்கே கையைக் காட்டினார். "குவாரிக் காவக்காரன் அமாவாசைங்க. கொல்லிமலப் பக்கத்து ஆளு. தண்ணிப் பள்ளத்தோரம் கொட்டாயில இருக்கான்."

செய்தியைக் கேட்டதும் டாக்டர் லீலாவதி ஜீப்பின் முகப்புக்குப் போனார். ஒன்பது தாள்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அடுக்கி முடித்தபோது ஒன்பது மனிதர்கள் ஒருவராகச் சுருங்கியிருந்தார்கள்.

"எட்டு மாச வேலை. எட்டு மாசம்! தேங்கா உடைக்கறதாமே?" என்றார். பிறகு, திடீரென்று நிமிர்ந்தார். கண்களில் ஒரு புது வெளிச்சம். "இருங்க. ஒருத்தர்னாலும் ஆள்தானே? அந்த ரத்தத்துல இருந்த மாதிரி எதிர்ப்பொருளை நான் எங்கயும் பாத்ததில்ல. பள்ளத்தோரத்துல, கொசுவுக்கு நடுவுல குடியிருக்கறவர். அவர் காய்ச்சல் இல்லாம இருந்தா, ஒன்பது பேரைவிட அவர் ஒருத்தரே பெரிய சாட்சி! வண்டியை எடுங்க!"

ஜீப் குவாரிச் சரிவில் குலுங்கி இறங்கியது. வெட்டி முடித்துக் கைவிட்ட பள்ளத்தில் மழைநீர் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. கரையில் ஒரு தகரக் கொட்டகை. அதன் சுவரில் கதவெண் இல்லை. செங்காவித் தேதியும் இல்லை. ராசாங்கத்தின் நடை தானாகத் தளர்ந்தது. எண் இல்லாத வீடு எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. பதிவேட்டில் இல்லாதவனுக்குக் காய்ச்சல் வந்ததா, வரவில்லையா என்று இதுவரை யார் கேட்டிருப்பார்கள்?

லீலாவதி அவருக்கு முன்னால் ஏறக்குறைய ஓடினார். வாசலில் தொங்கிய சாக்குப் படுதாவை விலக்கினார். அப்படியே நின்றுவிட்டார்.

பிற்பகல் வெயிலில், தகரம் கொதிக்கும் அந்தக் கொட்டகைக்குள், ஒரு மனிதன் மூன்று சாக்குகளைப் போர்த்திக்கொண்டு முழங்காலைக் கட்டியபடி படுத்திருந்தான். கயிற்றுக் கட்டில் தரையில் தடதடவென்று ஆடியது. பற்கள் அடித்துக்கொள்ளும் ஓசை வாசல்வரை கேட்டது.

"யாருங்க அது?" என்றான் அமாவாசை.

லீலாவதி மண்டியிட்டு அவன் நெற்றியில் கை வைத்தார். "எப்ப இருந்து குளிரு?"

"காலைலேருந்துங்க. ஒரு நாளு விட்டு ஒரு நாளு வரும். நாலஞ்சு தரம் வந்துட்டு வுட்டுரும். ரெண்டு மாசம் சும்மா இருக்கும், மறுபடி வந்துரும்."

"எத்தனை வருஷமா?"

"நான் இங்க வந்த நாளுலேருந்துங்க. அஞ்சாறு வருசம் இருக்கும்." அவன் சாக்குக்குள்ளிருந்து தலையை நீட்டி, அவரை அடையாளம் கண்டுகொண்டவன்போல் முகம் மலர்ந்தான். "டாக்டரம்மாங்களா? என் ரத்தத்துலதான் மருந்து கண்டுபுடிக்கப் போறாங்கன்னு தர்மராஜ் சாரு சொன்னாரு. கண்டுபுடிச்சாச்சுங்களா?"

லீலாவதி அவன் நெற்றியிலிருந்து கையை எடுத்தார்.

லீலாவதி பெட்டியைத் திறந்து மாத்திரைகளை எண்ணி எடுத்தார். வேம்பு மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். இன்றைக்கு எத்தனை, நாளைக்கு எத்தனை, எத்தனை நாள் என்று அவனைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார் லீலாவதி. அவன் விரலில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவினார். அவன் சொந்தப் பெயரை அதன்மேல் எழுதினார். அதன் பிறகே வெளியே வந்தார்.

பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு அவர் பேசியது ராசாங்கத்திடமா, தண்ணீரிடமா என்று தெரியவில்லை.

"காய்ச்சல் இல்லாதது அந்த ஒன்பது பேருக்கு. எதிர்ப்பொருள் இருந்தது இவனுக்கு. ரெண்டு வெவ்வேற உடம்போட பாதியை ஒட்டி ஒரு மனுஷனைப் பண்ணி, அவனை நான் சென்னைக்கு அனுப்பிச்சிருக்கேன்."

"அப்போ அந்த எதிர்ப்பொருள் இவனைக் காப்பாத்தலயா?" என்றார் ராசாங்கம்.

"நீங்களே பாத்தீங்களே! கிருமி அத்தனை தடவை வந்து போயிருக்கு, அதனால அத்தனை எதிர்ப்பொருள். வந்து போனதுக்கு அது அடையாளம். தடுத்ததுக்கு அடையாளமாத் தெரியல. இரண்டாவது உறை தப்புன்னும் இதை வெச்சுச் சொல்ல முடியாது. ஒருவேளை இது இல்லாட்டி இவன் எப்பவோ செத்திருப்பானோ என்னவோ. சரின்னும் சொல்ல முடியல, தப்புன்னும் சொல்ல முடியல!" அவர் ஒரு சுண்ணாம்புக் கல்லை எடுத்துப் பள்ளத்தில் எறிந்தார். பாசி விலகி, மறுபடி கூடிக்கொண்டது. "அந்த ஒன்பது பேருக்கு ஏன் காய்ச்சல் வரலங்கறதும் தெரியாது. அவங்க ரத்தத்தை நான் இதுவரை பாக்கவே இல்ல."

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அறிக்கை போயாச்சு. இவனைப் பாத்தது நாம மூணு பேருந்தான். முதல் உறைக் கோஷ்டி வியாழக்கிழமை, எங்களுக்கு நிச்சயமாத் தெரியும்னு மேஜையைத் தட்டும். நான் தெரியலன்னு சொன்னா, குரங்கு பன்னிரண்டும் அவங்களுக்குத்தான் போகும். அவங்களுக்கும் ஒண்ணும் தெரியாது, ராசாங்கம். ஆனா அவங்க தட்டுவாங்க."

ராசாங்கம் கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். ஆளைக் கண்டுபிடிப்பதுவரைதான் அவர் தொழில். அதற்கு அப்பால் என்ன செய்வதென்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. சொல்லிவிடத் துடித்த நாக்கை அடக்குவது, அன்று காலையிலிருந்து பட்ட பாட்டைவிடக் கடினமாக இருந்தது. வேம்பு தன் விரல் காயத்தை ஊதிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"அரியலூர்ல தந்தி ஆபீஸ் எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?" என்று கேட்டார் லீலாவதி.

ராசாங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இப்பவே கெளம்புனா சரியா இருக்கும்."

ஊருக்குள் ஜீப்பை இளையபெருமாள் கை காட்டி நிறுத்தினார். அவருக்குப் பின்னால் பொன்னம்மாளும் இன்னும் நாலைந்து பேரும்.

"டாக்டரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. ரத்தந்தானே வேணும்? நாங்களே குடுக்கறோம். ஆனா சுருக்கா வந்துருங்க. ஆடித் திருநாளுக்கு வர்ற வெள்ளிக்கெழம மறுபடி காப்புக் கட்டறோம்."

லீலாவதி கண்களை இறுக மூடித் திறந்தார். "நாளைக்குக் காலைல வரேன். ஒன்பது பேருக்கும் ஒன்பது ஊசியோட வரேன். ஒருத்தருக்காக இன்னொருத்தர் கையை நீட்டுனீங்க, அவ்வளவுதான்!"

"நாளைக்குக் குடுத்தா வியாழக்கெழமைக்குள்ள முடிவு தெரிஞ்சுடுமா டாக்டர்?" என்று வேம்பு மெல்லக் கேட்டாள்.

"மூணு வாரம் ஆகும்."

ஜீப் அரியலூரை நோக்கி விரைந்தது.

தந்தி அலுவலக எழுத்தர் மேஜையை ஒழுங்குபடுத்திப் புறப்படும் நிலையில் இருந்தார். லீலாவதி நின்றபடியே படிவத்தில் எழுதினார். ஒரு வரியை அடித்தார். மறுபடி எழுதினார். பின்னால் நின்ற ராசாங்கத்துக்கு அது தெரிந்தது: 'இரண்டாவது ஆன்டிஜென் பற்றிய என் அறிக்கையை நிறுத்தி வைக்கவும். எது காக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.'

எழுத்தர் பென்சிலால் சொல் சொல்லாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கடைசிச் சொல்லில் பென்சில் நின்றது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக லீலாவதியை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, இருவத்திரண்டு வருசமா இந்த நாற்காலியில இருக்கேன். தெரிஞ்ச சேதியத்தான் எல்லாரும் தந்தியில சொல்லுவாங்க. தெரியலன்னு சொல்றதுக்கு யாரும் தந்தி குடுத்து நான் பாத்ததில்லீங்க. இத ஒரு கார்டுல எழுதிப் போட்டாப் பத்தாதா?"

"பத்தாது."

"சரி, சாதாரணத் தந்தியா, அவசரத் தந்தியா?"

லீலாவதி பேனாவை மூடினார்.

"அவசரம்."